பெண்கள் என்று எழுதிய கதவு

தாழ்ப்பாள் போடாதே, உள் அறைக் கதவைச் சும்மா சாத்திக்கொண்டால் போதும் என்று சொல்லிச் சொல்லித்தான் உள்ளே அனுப்பினேன், போட்டுவிட்டாள், இரும்பு இரும்புக்குள் இறங்கும் சத்தம் வெளியே நிற்கிற எனக்கே கேட்டது. போடாமல் அவளால் இருக்க முடியாது. வீட்டில் பீரோ கதவோ மிக்சி மூடியோ பேனா மூடியோ எது திறந்து கிடந்தாலும் என் மகள் மிருதுளா தட்டை வைத்துவிட்டு எழுந்து போய் மூடிவிட்டு வந்துதான் அடுத்த வாய் சாப்பிடுவாள். பதினாலு வயதாகிவிட்டது, என் தோளுக்கு வந்துவிட்டாள், தாழ்ப்பாள் போடாதே என்று நான் சொல்வது அவளுக்கு மூச்சு விடாதே என்று சொல்வது மாதிரிதான் இருக்கும். எனக்கோ எங்கே நிற்பதென்று தெரியவில்லை. கலெக்டர் ஆபீசின் கீழ்த்தளத்தில், பெண்கள் என்று எழுதிய இந்தக் கதவுக்கு நேர் எதிரே நின்றால் வருகிற பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு என்னை முறைக்கிறார்கள், தள்ளிப் போய்த் தூண் பக்கம் நின்றால் அவள் முனகுவது கேட்கவில்லை. முனகல் கேட்டாக வேண்டும். உள்ளே அவள் ம்ம்ம் என்று ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டிருக்கிறாள், அது இருக்கிறவரை அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம், அதனால் தூணுக்கும் கதவுக்கும் நடுவில், செருப்புக் கடையில் அளவு பார்க்கிறவன் மாதிரி, முன்னே ஒரு அடி பின்னே ஒரு அடி வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவள் அம்மா கோமதி மட்டும் வந்திருந்தால் இந்த நிற்பு இல்லை. கோமதிக்கு இன்றைக்கு விடுப்பு, பிள்ளையை அவள் பார்த்துக்கொள்வதாகத்தான் ஏற்பாடு, காலையில் தோசைக் கல்லை அடுப்பில் போட்ட நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன், இரண்டு நர்ஸ் வரவில்லை, நீங்கள் வந்தே ஆக வேண்டும் என்று. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவருமே மிருதுளாவைப் பார்க்கவில்லை. "கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல நீங்க போகலையா?" என்றாள். போகாமல் எப்படி இருப்பது, மேலே பேசப்போகிறவனே நான்தானே, சங்கத் தலைவர் திருமேனி, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் வாத்தியார், வாயைத் திறந்தால் மைக் தேவையில்லை என்று எல்லோரும் சொல்கிற ஆள், இப்போது கக்கூஸ் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மேலே மாடி ஹாலில் எங்கள் சங்கத்து ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாம் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் உள்ள அப்பா அம்மாக்கள், இன்றைக்கு அதிகாரி அம்மாவைப் பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது. நாங்கள் கேட்கப்போவது ஒரு ஆயா. சிரிப்பாகத்தான் இருக்கும் வெளியே சொன்னால். இத்தனை குடும்பங்கள் வேலையைப் போட்டுவிட்டு, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, வெயிலில் பஸ் ஏறி வந்து கேட்பது ஒரே ஒரு ஆயா. எங்கள் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கென்று தனியாக ஒரு வகுப்பறை உண்டு, டீச்சர் உண்டு, சுவரில் படம் உண்டு, பாத்ரூமுக்குக் கூட்டிப்போக ஆள் கிடையாது. சின்ன வயதில் யாராவது ஒரு அம்மா உட்கார்ந்திருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டார்கள். இப்போது பெண் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், எங்களால் பொறுப்பு ஏற்க முடியாது, அடுத்த வருடத்திலிருந்து பெரிய பெண்களை அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டது பள்ளிக்கூடம். பெரிய பெண்கள் என்றால் மிருதுளாவும் இன்னும் நாலைந்து பேரும். அடுத்த வருடம் என்றால் இதோ, கோடை விடுமுறை முடிந்தால். அவள் காலையில் யூனிபார்மைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு, ஷூ லேஸை மட்டும் என்னிடம் நீட்டிக்கொண்டு நிற்பாளே, அந்தக் காலை அடுத்த வருடம் கிடையாது, அப்போது ஷூவோடு காலை நீட்டிக்கொண்டு நிற்கிறவளிடம் என்ன சொல்வது, லீவு என்று சொன்னால் எத்தனை நாளைக்கு நம்புவாள், நம்பாவிட்டால் தலையைச் சுவரில் இடிப்பாள், இடித்தால் கோமதி பிடிப்பாள், கோமதியின் கையைக் கடிப்பாள், கோமதி அந்தக் கையோடு டூட்டிக்குப் போவாள், நாய் கடித்ததா சிஸ்டர் என்று யாராவது கேட்பார்கள். போன தடவை கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் சத்தம் போட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய், உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே, நாம் மறைத்தால் யார் வெளியே சொல்வது என்று. பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள், "உங்களுக்கு மேடை இருக்கு, சொல்றீங்க. எனக்கு அங்க முப்பது பெட்டு இருக்கு, ஊசி போடணும்."  

ம்ம்ம் கேட்கிறது. சரி. "என்னங்க, இங்க என்ன நிக்கிறீங்க?" என்று வாட்ச்மேன் வந்துவிட்டார். காக்கிச் சட்டை, கையில் சின்னக் கம்பு, வயது அறுபதை ஒட்டி இருக்கும். உள்ளே மகள் போயிருக்கிறாள் என்றேன். "மகளுக்கு என்ன வயசு?" பதினாலு என்றேன். "பதினாலு வயசுப் பிள்ளை தன்னால வந்துக்கிடாதா? நீங்க அந்தப் பக்கம் போய் உக்காருங்க, பொம்பளைங்க வர்ற இடம்." அவளுக்கு ஆட்டிசம், தனியாக விட முடியாது என்றேன். "அப்படின்னா?" என்றார். அப்படின்னா என்றால் என்ன சொல்வது. பள்ளிக்கூடங்களில், ரோட்டரி கூட்டங்களில், கல்லூரியில் ஒரு தடவை அரை நாள் நின்று சொல்லியிருக்கிறேன், மூளை வேறு மாதிரி வேலை செய்கிறது, நோய் இல்லை, சத்தமும் வெளிச்சமும் நமக்குப் படுவதுபோல அவர்களுக்குப் படுவதில்லை, பேச்சு வராவிட்டாலும் புரியும் என்று அழகாக அடுக்கியிருக்கிறேன், கை தட்டியிருக்கிறார்கள், சால்வை போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லெல்லாம் இந்தக் கதவுக்கு முன்னால் வரமாட்டேன் என்கிறது. "பேச்சு சரியா வராது, பயந்துக்கிடுவா," என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பைத்தியமா?" என்றார், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். இல்லை என்றேன். பல்லைக் கடித்தேன். இன்னொரு நாளாக இருந்தால் உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருப்பேன், இன்றைக்கு இவரைப் பகைத்தால் இங்கே நிற்கவிட மாட்டார். ஒவ்வொரு ஆளாகப் பிடித்து இப்படி விளக்கிக்கொண்டே போனால் இந்த ஜென்மத்தில் ஊர் பூராவும் சொல்லி முடிக்க முடியுமா, முடித்தாலும் முதலில் சொன்னவன் மறந்திருப்பான். "சீக்கிரம் வரச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு அவர் வாசல் பக்கம் போனார், போகும்போதே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால் ஒரு பள்ளிக்கூட வராந்தா என்றுதான் சொல்வேன். மிருதுளாவுக்கு அப்போது ஆறு வயது. ஒவ்வொரு பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினோம், ஒருவர்கூட முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லவில்லை, அதுதான் கொடுமை, எல்லோரும் சிரித்த முகத்தோடு இங்கே அவளுக்குக் கஷ்டமாக இருக்கும் சார் என்றே சொன்னார்கள், அவள் கஷ்டத்தைப் பற்றி ஊருக்கே அவ்வளவு கவலை. கடைசியாகப் போன இடத்தில் ஹெட்மாஸ்டர் அதையே சொன்னபோது எனக்குள் ஏதோ அறுந்தது. சட்டம் தெரியுமா உங்களுக்கு என்று ஆரம்பித்தவன், எனக்கே சட்டம் முழுக்கத் தெரியாது, பஸ்ஸில் வரும்போது போனில் பாதி படித்திருந்தேன், அந்தப் பாதியை வைத்துக்கொண்டு பட்டறையில் பையன்களை மிரட்டுகிற குரலில் மிரட்டினேன். சேர்த்துக்கொண்டார். வெளியே வந்தால் வராந்தாவில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தார்கள், உள்ளே நடந்ததெல்லாம் காதில் விழுந்திருக்கிறது, அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார், "சார், எங்களுக்கும் ஒரு தடவை உள்ள வந்து பேசிட்டுப் போறீங்களா?" என்றார். போனேன். அதோடு முடிந்தது என் வாழ்க்கை, அல்லது ஆரம்பித்தது, எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அவர் இன்னொருவருக்குச் சொல்ல, அவர் இன்னொருவருக்குச் சொல்ல, சாப்பிடும்போது போன், லேத் ஓடிக்கொண்டிருக்கும்போது போன், எங்கள் பிள்ளையைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டுவிட்டார்கள் சார், எங்கள் மாமியார் பிள்ளைக்கு மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள் சார், எங்கள் வீட்டுக்காரர் வீட்டைவிட்டுப் போய்விட்டார் சார். போகிற இடத்திலெல்லாம் பேசினேன். பேசப் பேச நடக்கவும் செய்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் ஒன்று மாறவே இல்லை. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. ஒரு பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டு வாங்கியதை அடுத்த பள்ளிக்கூடத்தில் மறுபடி சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டும், ஒரு ஆபீசருக்குப் புரியவைத்தால் அவருக்கு மாற்றல் வந்துவிடும், புதிதாக வந்தவர் நாற்காலியைக் காட்டி உட்காருங்க சார், ஆட்டிசம்னா என்ன என்பார். நெம்புகோலை வைத்து ஒரு கல்லைப் புரட்டினால் அது புரண்டுதானே கிடக்க வேண்டும், இந்தக் கல் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பி வந்து பழைய இடத்தில் படுத்துக்கொள்கிறது.

போன் அடிக்கிறது. ஷர்மிளா பானு. மேலே இருந்து பேசுகிறாள். பூக்கடை பக்கத்தில் தையல் வேலை பார்க்கிற பெண், மகள் அஃப்ராவுக்கு ஏழு வயது, சங்கத்துக்கு வர ஆரம்பித்து ஒரு வருடம்போல இருக்கும், எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவாள், கேள்வி கேட்டால்கூடக் கூட்டம் கலைந்த பிறகு செருப்பு மாட்டும் இடத்தில் வந்து மெதுவாகக் கேட்பாள். "அண்ணே, அந்தம்மா வந்துட்டாங்க. நமக்கு முன்னாடி ரெண்டு பேருதான் இருக்காங்க. எங்கண்ணே இருக்கீங்க?" கீழே, மிருதுளா பாத்ரூமில் இருக்கிறாள் என்றேன். "நான் வரட்டுமாண்ணே?" வா என்று சொல்ல வாய் வந்தது. அவளும் இறங்கி வந்துவிட்டால் மேலே யார் இருக்கிறார்கள், சங்கத்துப் பெரியவர் வேலுச்சாமி அண்ணனுக்குக் காது கேட்காது, மற்ற மூன்று அம்மாக்களும் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், கூப்பிடும்போது எழுந்து நிற்கக்கூட ஆள் வேண்டாமா. "நீ அங்கயே இரும்மா. நான் வர்றதுக்குள்ள கூப்பிட்டா நீ பேசு," என்றேன்.  "எனக்குப் பேச வராதுண்ணே," என்றாள். "வராதுன்னா? உன் பிள்ளைக்குத்தானம்மா பேசப்போற?" "நீங்க பேசுற மாதிரி வராதுண்ணே. சட்டமெல்லாம் எனக்கு என்ன தெரியும். அவங்க ஏதாவது திருப்பிக் கேட்டுட்டா?" எனக்குச் சுர்ரென்று வந்தது. "அப்ப எல்லாரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க," என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தேன். இப்படித்தான். எத்தனை கூட்டம் போட்டிருக்கிறேன், நீங்களே பேசிப் பழகுங்கள், நான் நாளைக்கு இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன், எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாள் எனக்கே போன் போடுகிறார்கள். பல்லக்குத் தூக்கச் சொன்னால் எல்லோரும் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டால் எப்படி.

நான் நாளைக்கு இல்லாவிட்டால். அந்தச் சொல்லைக் கூட்டத்தில் சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. தனியாக நிற்கும்போது அது நெஞ்சில் எங்கேயோ மாட்டிக்கொண்டு இழுக்கிறது. நான் இல்லாவிட்டால் கோமதி, கோமதி இல்லாவிட்டால், அதற்கு அப்புறம் மனது போகாது, தண்டவாளம் முடிந்த இடத்தில் நிற்கிற வண்டி மாதிரி நின்றுவிடும். என் தம்பி நல்லவன், அவன் பெண்டாட்டியும் நல்லவள், தீபாவளிக்கு மிருதுளாவுக்கும் சேர்த்துத் துணி எடுப்பார்கள், ஆனால் அவளைத் தங்கள் பிள்ளைகளோடு தனியாக ஒரு மணி நேரம் விடமாட்டார்கள். அவள் வயதுக்கு வந்தபோது ஒரு டாக்டர், படித்தவர், பெரிய ஆஸ்பத்திரி, மேஜைக்கு அந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் உங்களுக்கும் தொல்லை இல்லை பாருங்கள் என்றார். உங்களுக்கும். மிருதுளா பக்கத்தில் நாற்காலியில் அவருடைய பேனா மூடியை மூடிக்கொண்டிருந்தாள். கோமதி எழுந்து நின்றாள், நான் பேசுவதற்கு முன்னால், "என் பிள்ளைக்கு எதுவும் எடுக்கிற மாதிரி இல்ல டாக்டர்," என்று சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள். பிறகு கோமதி அவளுக்குப் படம் வரைந்து வரைந்து காட்டிப் பழக்கினாள், கோமதி டூட்டியில் இருக்கிற நாட்களில் நான் பழக்கினேன், மாத நாட்களில் துணி மாற்றிவிட நான் பழகிக்கொண்டேன், வெளியே யாரிடமும் சொன்னதில்லை, அப்பன் செய்கிற வேலையா என்பார்கள், அப்பன் செய்யாமல் வேறு யார் செய்வது, அந்த ஆயாவைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறோம். பிள்ளை வளர வளர ஊருக்கு என்னைப் பார்த்துச் சந்தேகம் வளர்கிறது. சின்னதில் ரயிலடியில், பஸ் ஸ்டாண்டில், ஆண்கள் பக்கம் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். சில வருடங்களாக அது முடியாது. அவளை ஆண்கள் பக்கம் கூட்டிப்போகக் கூடாது, நான் பெண்கள் பக்கம் போகக் கூடாது, நானும் என் மகளும் சேர்ந்து போகிற மாதிரி ஒரு கதவை இந்த ஊரில் யாரும் வைக்கவில்லை.

ம்ம்ம் கேட்கவில்லை. எப்போது நின்றது? நான் கவனிக்கவில்லை, டாக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கதவோடு ஒட்டி நின்று கேட்கிறேன். வாளியில் குழாய் கொட்டுகிறது. வேறொன்றும் இல்லை. "மிருது," என்கிறேன், "மிருது, அப்பா இங்கதான் இருக்கேன்." பதில் இல்லை. பதில் வராதுதான், கூப்பிட்டால் பதில் சொல்கிற பிள்ளையா அவள், ஆனால் முனகல் வர வேண்டுமே. பிறகு தாழ்ப்பாளை ஆட்டுகிற சத்தம். ஆட்டுகிறாள், நிறுத்துகிறாள், ஆட்டுகிறாள். எனக்குத் தெரிகிறது, கண்ணால் பார்க்கிற மாதிரித் தெரிகிறது, பழைய கதவு, கீல் தளர்ந்து ஒரு பக்கம் தொங்கியிருக்கும், போடும்போது கதவின் கனத்தில் இறங்கிவிட்ட தாழ்ப்பாள் எடுக்கும்போது பிடித்துக்கொள்ளும். ஒரு அம்மா பையோடு உள்ளே போகப் பார்த்தார். "அம்மா, உள்ள எம்பொண்ணு மாட்டிக்கிட்டா, கொஞ்சம்," என்று ஆரம்பித்தேன், என் முகம் எப்படி இருந்ததோ, அவர் திரும்பி வேகமாகப் போய்விட்டார். அடுத்து ஒரு கல்லூரிப் பெண். அவள் நின்று கேட்டாள், உள்ளே போனாள், இரண்டு வார்த்தை சொல்வது கேட்டது, வெளியே வந்து, "அவங்க திறக்க மாட்டேங்கிறாங்க அங்கிள், என்னமோ முணுமுணுக்கிறாங்க, எனக்குப் பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டு அவளும் போய்விட்டாள். அப்போதுதான் உள்ளேயிருந்து கேட்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." என் மகள்தான். பயந்தால் அவள் சொல்வது அதுதான், ஏனென்றால் அவள் பயப்படும்போதெல்லாம் நாங்கள் அவளிடம் சொல்வது அதைத்தான், கட்டிப்பிடித்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொண்டு ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்போம், கட்டிப்பிடிக்க யாரும் இல்லாத இடத்தில் அவளே அவளுக்குச் சொல்லிக்கொள்கிறாள், குரல் ஏறிக்கொண்டே போகிறது, அடுத்து தலை. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அது வருவதற்கு முன்னால் போயாக வேண்டும்.

"உள்ள யாரும் இருக்கீங்களா, நான் வர்றேன்," என்று கத்திக்கொண்டே உள்ளே போய்விட்டேன். போவதற்குள் மண்டையில் என்னென்னவோ ஓடுகிறது, நாளைக்குப் பேப்பரில் வரும், சங்கத் தலைவர் பெண்கள் கழிப்பறையில், கோமதியின் ஆஸ்பத்திரியில் பேப்பரை நாலு பேர் சேர்ந்து படிப்பார்கள், ஓடட்டும். கடைசிக் கதவு. கீழ் இடுக்கில் அவளுடைய செருப்பு நுனி தெரிகிறது. தண்ணீர் வெளியே வழிந்து வருகிறது, வாளி நிரம்பியிருக்கிறது. "மிருது, அப்பா வந்துட்டேன். கதவத் தொடாத. கைய எடு." ஆட்டுவது நின்றது. நான் முட்டி போட்டுக் கதவின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து, தோளை முட்டுக்கொடுத்து, மேல் நோக்கித் தூக்கினேன். பான்ட் முட்டிவரை நனைந்தது. "இப்ப இழு. தாழ்ப்பாள இழு. உன் பக்கம் இல்ல, இந்தப் பக்கம், சோறு சாப்பிடுற கைப் பக்கம்." ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொண்டே இழுக்கிறாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கினேன், முதுகில் எங்கோ பிடித்தது. சத்தத்தோடு வந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு அவள் நின்றாள், பாவாடையெல்லாம் தண்ணீர், நெற்றியில் ஒன்றும் இல்லை, முதலில் நெற்றியைத்தான் பார்த்தேன், ஒன்றும் இல்லை. என்னைப் பார்க்கவில்லை, என் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள், மேல் பொத்தான் கழன்றிருந்தது, அதைப் போட்டுவிட்டாள். வெளியே வருவதற்குள் வாட்ச்மேன். "யோவ், நான் அப்பவே சொன்னேன்ல. பொம்பளைங்க கக்கூஸுக்குள்ள உனக்கு என்னய்யா வேலை?" அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள், ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.  விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் நிற்க வேண்டும், நின்றால் அவள் தாங்கமாட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன், ஈரச் செருப்பு ஒவ்வொரு படியிலும் சத்தம் போட்டது, வாட்ச்மேன் பின்னாலேயே ஏறி வந்தார், நில்லுய்யா, உன்னைத்தான், அம்மாகிட்ட சொல்றேன் வா என்று.

ஹாலுக்குள் நுழையும்போது எங்கள் ஆட்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. அதிகாரி அம்மாவின் மேஜைக்கு முன்னால் ஷர்மிளா நின்றுகொண்டிருந்தாள், அஃப்ரா அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது, பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் நேரமாச்சும்மா, நகரும்மா என்று முணுமுணுத்தார்கள். "மனுவ வெச்சுட்டுப் போங்கம்மா, பாக்குறேன்," என்று அதிகாரி அம்மா சொல்வது கேட்டது, கோபமாகச் சொல்லவில்லை, அலுப்பாகச் சொன்னார். ஷர்மிளா நகரவில்லை. மெதுவான குரலில், செருப்பு மாட்டும் இடத்தில் என்னிடம் பேசுவாளே அதே குரலில், "வெச்சுட்டுப் போன மனுவெல்லாம் என்னாச்சுன்னு தெரியலம்மா," என்றாள். "என் பிள்ளையும் நாளைக்குப் பெருசாயிடும், அப்ப அவள எங்க விட்டுட்டு நான் தைக்கப் போறதுன்னு மட்டும் சொல்லுங்க, போயிடுறேன்." நான் முன்னால் போகக் காலை எடுத்தேன். தொண்டையில் எல்லாம் தயாராக இருந்தது, சட்டம், பிரிவு, போன வருடம் வேறொரு அதிகாரி கொடுத்த வாக்கு. அதற்குள் வாட்ச்மேன் என்னை முந்திக்கொண்டு, "அம்மா, இந்த ஆளு பொம்பளைங்க கக்கூஸுக்குள்ள போயிட்டாரும்மா," என்றார். ஹாலில் இருந்த தலையெல்லாம் திரும்பியது. அதிகாரி அம்மா என்னைப் பார்த்தார், என் நனைந்த பான்ட்டைப் பார்த்தார், மிருதுளாவின் பாவாடையைப் பார்த்தார்.  நான் மிருதுளாவை என் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டேன். ஷர்மிளா திரும்பி எங்களைப் பார்த்தாள், அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. "இதுக்குத்தாம்மா ஆயா கேக்குறோம்," என்றாள்.

 அதிகாரி அம்மா பேனாவை எடுத்தார், பக்கத்தில் நின்ற உதவியாளரிடம் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேட்டார். "முடிவு தெரியிற வரைக்கும் அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தரையும் வெளிய அனுப்பக் கூடாதுன்னு இன்னைக்கே சொல்லிடுறேன்," என்றார். "ஆயா போஸ்ட் என் கையில இல்லம்மா. மேல எழுதணும்." வாட்ச்மேனைப் பார்த்து, "நீங்க போங்க. அந்தக் கதவச் சரிபண்ணச் சொல்லுங்க," என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள், பட்டா மாற்றம் கேட்டு வந்த ஒரு பெரியவர் எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். மேல எழுதணும். மேலே என்றால் எங்கே, மேலே போனது எப்போது கீழே வரும், அதற்குள் இவருக்கு மாற்றல் வராமல் இருக்க வேண்டும், வந்தால் மறுபடி உட்காருங்க சார், ஆட்டிசம்னா என்ன. நான் கேட்டிருந்தால் தேதி கேட்டிருப்பேன், தேதி கேட்காமல் விட்டோமே என்று மனது அரித்தது, அதே மனது நான் பேசியிருந்தால் இந்த அளவுக்காவது வந்திருக்குமா என்றும் கேட்டது, இரண்டுக்கும் நடுவில் எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது, யார் மேல் என்று தெரியாத எரிச்சல். வராந்தாவில் ஷர்மிளா பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். போனில் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா என்று சொல்ல வந்தேன். அவள் அதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டிருந்தாள். "மேலன்னா மெட்ராஸாண்ணே?" என்றாள்.

"ஆமா."

"எப்பப் போகணும்?"

"போனா ரெண்டு நாள் ஆகும்மா. பிள்ளைய யாரு பாத்துக்குவா?"

"யாரு பாத்துக்குவா," என்று அவளும் சொன்னாள், கேள்வியாகச் சொல்லவில்லை. "கூட்டிக்கிட்டுத்தான் போகணும்."

மிருதுளா படி இறங்கிக்கொண்டிருந்தாள், இரண்டு காலையும் ஒரு படியில் சேர்த்து வைத்து, அப்புறம் அடுத்த படி, நடுவில், கைப்பிடியைத் தொடாமல். மேலேயிருந்து இறங்குகிறவர்கள் எங்களுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டே இருந்தார்கள், கீழேயிருந்து ஏறுகிறவர்கள் நின்றுவிட்டார்கள், கொஞ்சம் ஓரமாப் போகச் சொல்லுங்க சார் என்று யாரோ சொன்னார். நான் ஒதுங்கவில்லை. ஷர்மிளாவும் ஒதுங்கவில்லை. மிருதுளா இறங்கி முடிக்கிறவரை எல்லோரும் நின்றார்கள்.